புகை பிடித்த பாட்டிக்கு 122 வயது!

“எங்க தாத்தா சுருட்டை வாயிலிருந்து எடுத்ததே இல்ல. தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு. எனக்கு மட்டும் என்ன வந்துடப் போவுது?”

லயத்து வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யார்? “சிகரெட்டை விடுங்கப்பா” என்று பிள்ளை கெஞ்சினால், செத்துப்போன தாத்தாவைச் சாட்சிக்கு இழுத்து வருகிறோம்.

அந்தத் தாத்தாவைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் உண்டு. பிரான்சு நாட்டில் ஆர்ல் என்னும் ஊரில் 1875-இல் பிறந்த ஜீன் கல்மென்ட் அம்மையார் 1997-இல் காலமானபோது அவருக்கு வயது 122. பதிவேடுகளைப் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்ட வயதுகளில் இதுவே ஆக அதிகம். அவரும் புகைத்தவர்தாம், நூறு வயதைத் தாண்டியும் விடவில்லை!

உடனே பெட்டியைத் தேட வேண்டாம். அவர் பிடித்தது நாளைக்கு ஒன்றோ இரண்டோ. வசதியான கடைக்காரரின் மனைவி. பிழைப்புக்காக உடம்பு தேய உழைத்தவர் அல்லர். அந்த வயதை எட்டியவர் இதுவரை அவர் ஒருவரே. பக்கத்து வீட்டுக்காரருக்கு லாட்டரி விழுந்தது என்று நாம் சம்பளம் முழுவதையும் லாட்டரியில் போடுவோமா? தொண்ணூறு வரை இருந்த தாத்தாவை மறக்காத நாம், ஐம்பத்தைந்தில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லையே!

முதுமை எப்படி வருகிறது? பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு எளிதில் விளங்கும். வெட்டிய பட்டை மறுபடி வளர்கிறது. மறுபட்டையிலும் வெட்டுகிறோம். ஆனால் எத்தனை தடவைக்குத்தான் அது தாங்கும்? நம் உடம்பும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து, தேய்ந்த இடத்தைப் புதுப்பிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 தடவை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-இல் அமெரிக்க அறிஞர் லெனார்ட் ஹேஃபிளிக் எடுத்துக் காட்டினார். ஆகவே, வயசாவதை யாராலும் நிறுத்த முடியாது.

ஆனால் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் என்ன ஆகும்? புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். மரத்தின் பலன் காலமும் குறையும். புகை நம் நுரையீரலிலும் இரத்தக் குழாயிலும் தினம் போடுவது இந்தக் காயத்தைத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. பிரிட்டனில் 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் ரிச்சர்ட் டால் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் கவனித்து வந்தார்கள். 2004-இல் வந்த முடிவு இது: விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முந்தி இறந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் மிஞ்சியது. நாற்பதில் விட்டவர்களுக்கு 9, ஐம்பதில் விட்டவர்களுக்கு 6, அறுபதில் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகள் மிஞ்சின.

“இத்தனை வயசுக்கு மேல விட்டு என்ன ஆவப் போவுது?” என்று கேட்கும் பெரியவர்களே, மூன்று ஆண்டு என்பது சும்மாவா? ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பேரப்பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்துவிடும். கூடவே இருந்து பார்க்க வேண்டாமா?

தனியாக விட முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள், வழி சொல்வார்கள். 122 நமக்கு வேண்டாம். நமக்கு உள்ளதை நாமே வெட்டிக் குறைக்காமல் இருந்தால் போதும்.