காட்டு வழியே ஊட்டிக்கு

பெங்களூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊட்டி புதிய ஊர் அல்ல. பள்ளிக்கு விடுமுறை விட்டாலும், ஊரிலிருந்து விருந்தினர் வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஊட்டியையே எண்ணிக்கொண்டு, இடையில் இருக்கும் காட்டை ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். சென்ற டிசம்பரில் அந்தக் காட்டைப் பார்ப்பதற்காகவே, வயதான என் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு, குடும்பத்தோடு காரில் கிளம்பினோம்.

மைசூர், நஞ்சன்கூடு தாண்டிக் குண்டலுப்பேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வயநாட்டுக்கு, மற்றொன்று ஊட்டிக்கு. ஊட்டிச் சாலையில் சிறிது தூரத்திலேயே பந்திப்பூர் தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடாக இருந்த இடம் இது. 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் இதுவும் ஒன்று.

சாலையோரத்தில் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. ஒரு வளைவில் முன்னால் சென்ற லாரி நின்றது. ஐந்தாறு யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. பெரியவை அக்கரை சேர்ந்துவிட, குட்டி ஒன்று மட்டும் இந்தப் பக்கமே தயங்கி நின்றது. பின்னாலிருந்த காரில் ஒருவர் பொறுமையிழந்து ஹாரன் அடிக்க, தாய் யானை காதுகளை விரித்துக்கொண்டு திரும்பியது. என் மகள் பாட்டியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். லாரி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, கையசைத்து அவரை அடக்கினார். குட்டி ஓடிப்போய்த் தாயின் வயிற்றடியில் புகுந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

“அந்தக் காலத்தில் ராத்திரி பஸ்ஸில் இதே வழியாகப் போவோம். அடிபட்ட மான் ஒன்றையாவது பார்க்காமல் வந்த நாள் குறைவு” என்றார் அப்பா.

இதற்காகத்தான் 2009 முதல் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் மட்டுமே விலக்கு. அவசரமாக ஊருக்குப் போகிறவர்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்கிறவர்களுக்கும் இது சிரமம்தான். தடையை நீக்கக் கோரும் குரல்களும் உண்டு. ஆனால் நமக்குச் சுற்றுவழி இருக்கிறது, யானைக்கு இல்லை. அந்த ஒன்பது மணி நேரத்தை அவற்றுக்கு விட்டுக்கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

கக்கநல்லாவில் மாநில எல்லை. காடு மாறவில்லை, பெயர்தான் முதுமலை என்றாகிறது. பெயர்ப்பலகைகள் தமிழுக்கு மாறியதும், சங்கத்தின் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைகள் ஒன்று விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்கள்! மாயாற்றங்கரையில் தெப்பக்காடு யானைகள் முகாம். 2023இல் ஆஸ்கார் பெற்ற ஆவணப்படத்தில் வரும் பொம்மன், பெள்ளி தம்பதியர் குட்டிகளை வளர்த்தது இங்கேதான். ராகிக் களியை உருண்டை பிடித்துப் பாகன்கள் யானைகளின் வாயில் ஊட்டுவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு இரு வழிகள். மசினகுடி, கல்லட்டி வழி தூரம் குறைவு; ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக ஏறும். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடுகளும் உண்டு. நாங்கள் கூடலூர் வழியைத் தேர்ந்தோம். தேயிலைத் தோட்டங்கள், ஊசிமலை, பைக்காரா என்று ஒவ்வொன்றாக வர, குளிரும் கூடிக்கொண்டே வந்தது.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: விடியுமுன் கிளம்பினால் பகலிலேயே காட்டைக் கடக்கலாம். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களைத் தவிர்த்து, எவர்சில்வர் கூஜாவை எடுத்துச் செல்லுங்கள். காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்காதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். ஹாரனை மறந்துவிடுங்கள்.