ரத்தம் சொல்லும் சேதி

“எங்க ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேற.” டீக்கடை பெஞ்சிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் நாம் கேட்டுச் சலித்த பேச்சு இது. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டிச் சாய்ப்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் ரத்தம் என்ன சொல்கிறது?

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமும் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, துணைக்கண்டத்தின் 73 சமூகக் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டன. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே வாழ்ந்த மக்கள் பெருமளவில் கலந்திருக்கிறார்கள். அந்தக் கலப்பின் தடம் ஏறத்தாழ எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது, அளவுதான் கூடக்குறைய. அதன் பிறகே சொந்தச் சாதிக்குள் மட்டும் மணம் முடிக்கும் வழக்கம் இறுகியது. ஆக, ‘கலப்பே இல்லாத சாதி’ என்ற பெருமைக்கு இடமில்லை.

1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்த 25 வயது அம்பேத்கர், சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்றார். கிட்டத்தட்ட நூறு ஆண்டு கழித்து ஆய்வகம் அதன் தடத்தை மரபணுவிலேயே காட்டியிருக்கிறது.

அடைத்த கதவுக்கு விலையும் உண்டு. வரத்துக்கால் தூர்ந்த கண்மாயில் அதே தண்ணீர்தான் கிடக்கும். சிறு கூட்டத்திலிருந்து பெருகி, தனக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகத்தில், மூதாதை ஒருவரிடம் இருந்த நோய் மரபணு பலரிடம் பரவிவிடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் பிள்ளைக்கு நோய். ஒரு வணிகச் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து சிலருக்கு எளிதில் முறிவதில்லை. மூச்சு திரும்பத் தாமதமாகிறது. 2017-ல் வந்த ஆய்வில், 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களிடம் இப்படி ஒடுங்கிப் பெருகிய தடம் பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட அழுத்தமாகத் தெரிந்தது.

மேல், கீழ் என்று எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதியவர்கள் மனிதர்கள். தனிச் சுடுகாடும் இரட்டைக் குவளையும் அவர்கள் வைத்தவை. அவற்றை அழிப்பதும் மனிதர்கள் கையில்தான்.

ஆணவக் கொலைகளைத் தடுக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு வழிகாட்டுதல்களை வகுத்தது. நாம் கேட்பது தனிச் சட்டம். இனி யாராவது ‘ரத்தம் வேற’ என்றால், அதே ரத்தத்தைச் சாட்சிக்கு அழைப்போம்.