காற்று தாங்கிய ராக்கெட்

அமெரிக்க நாட்டில், ஃபுளோரிடா மாநிலத்துக் கென்னடி விண்வெளி மையத்தில், 'ராக்கெட் தோட்டம்' என்றொரு திறந்தவெளிக் காட்சியிடம் உண்டு. பழைய ராக்கெட்டுகள் அங்கே மரங்களைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன. சாட்டர்ன் 1பி மட்டும் தன் பெருத்த உடலோடு படுத்துக் கிடக்கிறது. என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அட்லஸ்.

அட்லஸின் எஃகுச் சுவர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. எடை குறைந்தால்தானே உயரப் பறக்கும்! அச்சுவரை விறைப்பாக நிறுத்துவது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே. காற்றிறங்கிய மிதிவண்டிச் சக்கரம் குழைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் நீங்கினால் இதுவும் அவ்வாறே மடங்கிவிடும். அழுத்தம் பற்றி எத்தனையோ ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். அப்பாடம் இவ்வளவு உயரமாக எழுந்து நிற்கக் கண்டது அன்றுதான்.

மெர்க்குரி விண்கலத்தை இதன் உச்சியில் பொருத்தி, 1960 ஜூலை 29 அன்று ஆளின்றிச் சோதித்தனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ராக்கெட் சிதைந்தது. அடுத்த ராக்கெட்டில், விண்கலத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய சுவரைச் சுற்றி எஃகுப் பட்டை ஒன்றை இறுக்கினர். பீப்பாய்க்கு வளையம் பூட்டுவது போன்ற வேலைதான்! 1961 பிப்ரவரி 21 அன்று அச்சோதனை வென்றது. பிறகு செய்தவற்றில் அவ்விடத்துத் தகட்டையே கனமாக்கினர். அத்தகைய அட்லஸ் ஒன்றின்மீது அமர்ந்துதான், 1962 பிப்ரவரி 20 அன்று, ஜான் கிளென் விண்ணேகி, பூமியை 3 முறை சுற்றிவந்து கடலில் இறங்கினார்.