கணினியுள் நுழையும் கள்வர்

பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், குடும்பப் புகைப்படங்கள், வங்கிக் கணக்கின் கடவுச்சொல் ஆகிய யாவும் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலுமே சேமித்து வைக்கப்படுகின்றன. ஆதலின், அவற்றுட் புகுந்து கேடு விளைக்கும் நிரல்களை இனம் பிரித்தறிதல் நம் அனைவர்க்கும் கடனாகும். அவை எல்லாவற்றையும் 'வைரஸ்' என்னும் ஒரே பெயரால் நாம் அழைத்து வருகின்றோம். ஆயினும் அவை நுழையும் வழிகள் வெவ்வேறாம். காக்கும் வழிகளும் அவ்வாறே.

வைரஸ் தனித்து இயங்க மாட்டாது. பிறிதொரு நிரலையோ வட்டினையோ பற்றிக்கொண்டு, அதனை நாம் இயக்குங்கால் தானும் பெருகும். 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரிலே சகோதரர் இருவர் ஆக்கிய 'பிறெயின்' வைரஸ், நெகிழ்வட்டுகள் கைமாறியபோது அவற்றோடு நாடு கடந்து பரவிற்று.

புழு எனப்படுவதோ பிறர் துணை வேண்டாது வலையமைப்பின் வழியே தானாக ஊர்ந்து செல்வது. 1988 நவம்பரில் றொபேட் மொறிஸ் என்னும் அமெரிக்க மாணவர் வெளியிட்ட புழு, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது.

மரக்குதிரையின் வயிற்றில் ஒளிந்திருந்த கிரேக்க வீரரைத் திரோய் நகரத்தார் தம் கையாலேயே உள்ளே இழுத்துச் சென்ற கதையை மாணவர் அறிவர். அக்குதிரையின் பெயர் பெற்ற 'திரோஜன்' நிரலும் இலவச விளையாட்டுப் போலவோ பயனுள்ள கருவி போலவோ வேடமிட்டு வரும். நாமே அதனை வரவேற்று நிறுவிக்கொள்கின்றோம்.

உளவு நிரல் நாம் தட்டும் எழுத்துகளை மறைந்திருந்து கவர்ந்து பிறர்க்கு அனுப்பும். விளம்பர நிரல் இலவச மென்பொருள்களுடன் ஒட்டி வந்து, வேண்டாத விளம்பரங்களைத் திரையில் ஓயாது காட்டித் தொல்லை தரும்.

இவற்றுள் மிகக் கொடியது கப்ப நிரலாகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பது இதன் தொழில். 2017 மே மாதத்தில் 'வன்னாகிறை' என்னும் நிரல் புழுவைப் போலப் பரவி, ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கியது. முதலில் 300 டொலர் கப்பம் கேட்டது. பிரித்தானியாவின் மருத்துவமனைகளிலே நோயாளரைத் திருப்பியனுப்பவும் நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனை உரிய காலத்தில் நிறுவியிருந்த கணினிகளுள் அவ்வழியே அது புக இயலவில்லை.

ஆகவே, திருத்தங்களை நாள் கடத்தாது நிறுவுவோம். முன்பின் அறியாதார் அனுப்பும் இணைப்புகளைத் திறவாதிருப்போம். இன்றியமையாத கோப்புகளின் பிரதியொன்றைத் தனி வட்டில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்போம். கள்வன் பூட்டிச் சென்றாலும் நம் பொருள் நம்மிடம் இருக்கும்.