கறை படிந்த பல்லும் கடலடிப் புல்லும்

பென்னாகரம் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் வேதியியலைப் பள்ளிக்கூடம் கற்றுத்தர வேண்டியதில்லை, பல்லே கற்றுத்தந்துவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பளிங்கு போலத் தெளிவாகத்தான் இருந்தது. அதில் கரைந்திருந்த ஃபுளோரைடு எங்கள் தலைமுறையின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கிழித்தது. முதியவர்கள் சிலரின் கால்களை வளைத்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்ததன் விளைவு அது. ஜப்பானிய நிதியுதவியுடன் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட பிறகே மாவட்டத்தின் பல ஊர்களுக்குக் காவிரி நீர் குழாயில் வந்தது.

தெளிந்த நீரும் தீங்கு செய்யும் என்பதை உடம்பால் அறிந்தவன் என்கிற உரிமையில்தான், கடலிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளி வாழும் நான் கடற்புல்லைப் பற்றி எழுதத் துணிகிறேன்.

கடற்புல் பாசி அன்று. வேரும் இலையும் பூவும் உடைய, நீருக்குள்ளேயே பூத்து விதைவிடும் தாவரம். பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இது பெருவெளிகளாகப் படர்ந்திருக்கிறது. இதை மேயும் உயிர்களுள் பெயர்பெற்றது ஆவுளியா எனும் கடற்பசு. அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. எண்ணிக்கையில் மிகுந்து, அன்றாடம் புல்வெளியைக் கொறிப்பவையோ ஓரா, கிளிமீன் போன்ற மீன்கள். ஓராவின் முள்ளில் நஞ்சு உண்டு. குழம்பில் அது தெரியாது.

இந்தப் புல்லுக்கு முதல் தேவை வெளிச்சம். மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காவது அடிவரை எட்ட வேண்டும். மிதவைப் பாசிகள் இதைவிட மிகக் குறைந்த ஒளியிலும் பிழைத்துக்கொள்ளும். எனவே நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலில் மிகும்போது முந்திக்கொள்பவை பாசிகளே. நீர் கலங்குகிறது, புல்லின் இலைமேலும் பாசி படிகிறது. உரம் மிகுந்த இடத்தில் புல் பட்டினி கிடக்கிறது.

இதைவிடக் கொடியது மண்ணுக்குள் நடப்பது. மடிந்த பாசி அடியில் படிந்து அழுகும்போது உயிர்வளி தீர்ந்துபோகிறது. உயிர்வளி இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் அதே நஞ்சுதான். நலமான புல் பகலில் தான் உண்டாக்கும் உயிர்வளியை வேர்வரை இறக்கி, வேரைச் சுற்றிக் காவல் போடுகிறது. ஒளி குறைந்தால் அந்தக் காவல் தளர்கிறது. வெக்கையான இரவொன்றில் நீரிலும் உயிர்வளி குன்றினால் சல்பைடு வேர் வழியே உள்ளே ஏறி, புல் கூட்டமாக மடிகிறது. அமெரிக்காவின் புளோரிடா விரிகுடாவில் 1987-இல் தொடங்கிய பெருமடிவில் இந்த நஞ்சுக்கும் பங்கிருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மேயும் மீனுக்கு இதனால் என்ன? நைட்ரஜன் ஏறிய இலை புரதம் மிக்கது. அதையே மீன்கள் விரும்பிக் கடிக்கின்றன. ஏற்கெனவே நலிந்த புல்லுக்கு மேய்ச்சலும் கூடுகிறது. கரியமில வாயு கடலில் மிகுதியாகக் கரைவதன் விளைவும் இதனோடு சேரும். இத்தாலியில் எரிமலை வாயு கசியும் கடலடியில் வளரும் கடற்புல்லை ஆராய்ந்தபோது, மேய்வோரை விலக்கும் பீனால் பொருள்கள் இலையில் குறைந்திருந்தன. இன்னொரு புறம், ஓரா இலையை மட்டும் தின்பதில்லை. இலைமேல் படிந்த பாசியையும் கொறித்துத் துடைக்கிறது. அதை அளவின்றிப் பிடித்துவிட்டால் துடைக்க ஆளில்லை. ஆகவே வேதியியலைத் தனியாகவும் மீன்பிடிப்பைத் தனியாகவும் வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புல்லை வேரோடு பெயர்க்கும் இழுவை மடியின் பழியை நீரின்மேல் போடவும் நான் முனையவில்லை.

இதில் பென்னாகரத்துக்கு என்ன பங்கு? பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியில் சேர்ந்து, ஒகேனக்கல்லுக்கு மேலேயே காவிரியில் கலக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் எங்கள் வட்டத்து நாகமரை வரை விரிந்து கிடக்கிறது. சில ஆண்டுகளில் அந்த நீர் பச்சைக் குழம்பாகி நாறுவதைப் பரிசல் துறையில் நின்று பார்த்திருக்கிறேன். வண்டலில் பெரும்பகுதியை அணை தடுத்துவிடும். கரைந்த நைட்ரேட்டை அப்படி முழுமையாகத் தடுக்க இயலாது. கீழே டெல்டா வயல்களின் யூரியாவும் சேர, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயல் வழியாக மிச்சத்தைப் பாக் விரிகுடாவில் கொண்டு சேர்க்கின்றன. சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல் அது. கலங்கவும் சூடேறவும் அதிக நேரம் ஆகாது.

புளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் 1970-களின் இறுதியில் நகரக் கழிவுநீரின் நைட்ரஜனைக் குறைக்கத் தொடங்கினர். 1950-களில் இருந்த புற்பரப்பை மீண்டும் எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று; பின்னர் அதிலும் ஒரு பகுதி குறைந்தது.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நம் நாளேடுகள் நாள்தோறும் அச்சிடுகின்றன. அதே நீர் முத்துப்பேட்டையில் கடலைத் தொடும்போது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நைட்ரேட்டுடன் தொடுகிறது என்பதையும் மாதம் ஒருமுறையேனும் அதன் பக்கத்தில் அச்சிடலாம்.