முள்ளைத் திருப்பிய நேயர்கள்!

இடம் கொடுத்தவர் விதியை மாற்றினால் ரசிகர்கள் என்ன செய்வார்கள்?

பாட்டுக் கேட்பது ஒரு பொழுதுபோக்கு. தபால் தலை சேர்ப்பதும், தீப்பெட்டிப் படம் சேர்ப்பதும், கதை எழுதுவதும் பொழுதுபோக்குகளே. ஒருவர் தனியாகச் செய்தால் அது அவர் பாடு. நூறு பேர் சேர்ந்தால், கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் வேறு யாருக்காவது சொந்தமாக இருக்கும். முன்பு வானொலி நிலையம் அரசாங்கத்தினுடையதாக இருந்தது. இன்டர்நெட்டில் உள்ள கூடங்கள் கம்பெனிகளுடையவை.

இடத்துக்கு உரியவர் ஒரு நாள் திடீரென்று விதியை மாற்றுகிறார். "இனிமேல் இப்படித்தான்" என்கிறார். கூடியிருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் என்ன செய்வார்கள்? நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது.

பாட்டுக்கு வந்த தடை

1952-ம் ஆண்டு. மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக பி.வி. கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு மலிவானது, நாட்டின் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய ரேடியோவில் சினிமாப் பாட்டின் நேரம் வெட்டப்பட்டது. பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்வதில்லை என்றும் முடிவாயிற்று. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகுமாம்! பட அதிபர்கள் கோபம் கொண்டார்கள். பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களில் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

நேயர்கள் என்ன செய்தார்கள்? கல்லெறியவில்லை, கொடி பிடிக்கவில்லை. ரேடியோ முள்ளைச் சற்றே திருப்பினார்கள். அங்கே இலங்கை வானொலி இருந்தது!

இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் ஓர் ஒலிபரப்பு நிலையம் இயங்கியது. யுத்தம் முடிந்தபின் அதன் சக்தி வாய்ந்த கருவிகள் இலங்கை வானொலிக்குக் கிடைத்தன. அதனால் அதன் குரல் இந்தியா முழுவதும் எட்டியது. 1952-ம் ஆண்டிலேயே அங்கு அமீன் சயானியின் 'பினாகா கீத் மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. வட இந்தியா புதன் கிழமை இரவுக்காகக் காத்திருந்தது. தமிழ் நேயர்களுக்கு மயில்வாகனத்தின் குரல் வீட்டு மனிதரின் குரல்போல ஆயிற்று.

விருதுநகருக்குப் பக்கத்து நிலையம்

விருதுநகர், சூலக்கரை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அப்போது தமிழ்நாட்டில் சென்னையிலும் திருச்சியிலும் மட்டுமே வானொலி நிலையங்கள் இருந்தன. நேர்கோட்டில் அளந்து பார்த்தால் விருதுநகருக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். கடல் தாண்டி வந்த பாட்டு, பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் கேட்டது. எல்லோர் வீட்டிலும் ரேடியோ கிடையாது. டீக்கடையில் ஒன்று பாடினால் போதும், தெருவே கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் ஆபீசில் நம் அரசாங்கத்துக்குப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். பணத்தை இங்கே கட்டிவிட்டு, காதை அங்கே கொடுத்தார்கள்! இந்தியக் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் கொழும்புக்குப் போயிற்று.

ஐந்தாண்டு கழித்து அரசாங்கம் இறங்கி வந்தது. 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கு இடம் தரும் 'விவித பாரதி' தொடங்கியது. 1967-ல் அதில் விளம்பரத்துக்கும் இடம் கிடைத்தது. மந்திரியிடம் யாரும் வாதாடி ஜெயிக்கவில்லை. போக வேறு இடம் இருந்தது, அதனால் நேயர்கள் ஜெயித்தார்கள்.

மனுக் கொடுத்தவர்கள்

போக வேறு இடம் இல்லாவிட்டால்? 2011 ஜனவரியில் பி.பி.சி. தன் ஹிந்திச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் சரியாக எட்டாத கிராமத்து நேயர்களுக்கு அதுதான் உலகச் செய்தி. நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். இரண்டே மாதத்தில் பி.பி.சி. சற்று இளகி, மாலையில் ஒரு மணி நேரத்தை விட்டுவைத்தது. அது 2020 ஜனவரி வரை நீடித்தது. மனுவால் முடிவு மாறவில்லை, ஆனால் ஒன்பது வருஷம் கிடைத்தது. அப்படி அவகாசம் கிடைக்காமல், 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலி 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றது.

கதவைச் சாத்தியவர்கள்

அமெரிக்காவின் 'ரெடிட்' தளத்தில் பின்னல் வேலை, தோட்டம், சைக்கிள், சமையல் என்று ஒவ்வொரு பொழுதுபோக்குக்கும் ஒரு கூடம் உண்டு. கூடத்தை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 2023-ல் அந்தக் கம்பெனி, வெளியார் செய்த செயலிகள் தன் தளத்தைப் பயன்படுத்தப் பெரும் கட்டணம் விதித்தது. கண் தெரியாதவர்கள் அத்தகைய செயலிகளை நம்பித்தான் தளத்தைப் படித்துவந்தார்கள்.

ஜூன் 12-ம் தேதி ஆயிரக்கணக்கான கூடங்கள் கதவைச் சாத்தின. ஆனால் "இரண்டு நாள்" என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கம்பெனி பொறுத்திருந்தது. பிறகும் திறக்காதவர்களை மாற்றிவிடுவோம் என்று எச்சரித்தது. பெரும்பாலோர் திறந்தார்கள். வியாபார நோக்கமில்லாத, பார்வையற்றோருக்கான செயலிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அந்த ஒரு கோரிக்கை தெளிவாகவும் நியாயமாகவும் இருந்தது. அதுதான் பலித்தது.

சொந்த வீடு கட்டியவர்கள்

இடமே மூடப்படுவதும் உண்டு. 'மரத்தடி', 'ராயர் காப்பி கிளப்' போன்ற தமிழ் இலக்கியக் குழுக்கள் கூடிப் பேசிய இடம் 'யாகூ குழுமம்'. 2019 அக்டோபரில், பழைய கடிதங்களும் படங்களும் தளத்திலிருந்து நீக்கப்படும் என்று யாகூ அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமமே மூடப்பட்டது. உலகெங்கும் தொண்டர்கள் இரவு பகலாகப் பிரதி எடுத்தார்கள். எடுத்தது பிழைத்தது.

இன்னொரு கூட்டத்தார் வேறு வழி கண்டார்கள். 2007-ல் 'லைவ்ஜர்னல்' என்ற தளம், ரசிகர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான பக்கங்களை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது. அந்த ரசிகர்கள் அதே ஆண்டில் ஒரு சங்கம் அமைத்தார்கள். நன்கொடை திரட்டி, 2009-ல் கதைகளுக்கென்று தங்கள் சொந்தத் தளத்தைத் திறந்தார்கள். அது இன்றும் நடக்கிறது. அங்கே விதியை மாற்ற வேண்டுமானால் சங்கத்தார்தான் மாற்ற வேண்டும்.

நம் வீட்டுக்கும் வரும்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் விதிகளை மாற்றியதும், நம் ஊர்களிலும் பலர் வேறு செயலிக்குப் போனார்கள். அங்கே போய்ப் பார்த்தால் சித்தியும் இல்லை, மாமாவும் இல்லை! பலர் திரும்பி வந்தார்கள். ஒருவர் மட்டும் வெளியேறினால் அவருக்குத்தான் நஷ்டம். போவதானால் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு போக வேண்டும்.

இந்த அனுபவங்களிலிருந்து குடும்பங்கள் செய்துகொள்ளக்கூடியது எளிது. கல்யாணப் படம், தாத்தாவின் குரல், குழந்தையின் முதல் பேச்சு இவற்றை ஒரே தளத்தில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. இன்னொரு பிரதி கைவசம் இருக்கட்டும். குழுவில் உள்ளவர்களின் போன் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். இடம் பறிபோனாலும் ஆட்களைத் திரும்பச் சேர்க்க அந்த நோட்டு போதும்.