பாறுகள் அழிந்த ஊர்களில் கூடிய மரணங்கள்

செத்த மாட்டைத் தோலுரித்து ஊருக்கு வெளியே போட்டுவிட்டால் போதும், பாறுகள் கூட்டமாக இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிடும். வட இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக இதுவே வழக்கமாக இருந்தது. பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கப்பட்ட அந்தப் பறவையின் வயிற்று அமிலம், அழுகிய இறைச்சியிலுள்ள பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. காரணத்தை 2004இல் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் கண்டறிந்தார்கள்: மாடுகளுக்குப் போடும் வலிநிவாரணியான டைக்ளோஃபினாக். அந்த மருந்து தங்கிய இறைச்சியைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழந்து, ஈரலிலும் இதயத்திலும் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. ஒரே சடலத்தைப் பல பாறுகள் தின்னும். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அதனால், நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவாக மருந்து கலந்திருந்தாலே இந்த இனம் சரிந்துவிடும்.

இதைப் பறவை ஆர்வலர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை 2024இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியான ஆய்வு காட்டுகிறது. பொருளியலாளர்கள் ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் பாறுகள் வாழத் தகுந்த மாவட்டங்களையும் மற்ற மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறுகள் அழிந்த பிறகு, முதல்வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூடுதல் மரணங்கள் என்பது அவர்களின் கணக்கு. தின்ன ஆளில்லாத சடலங்கள் அழுகின, நீர்நிலைகளில் வீசப்பட்டன. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியும் கூடவே வந்தது.

அந்தக் காலத்தில் நாட்டில் எத்தனையோ மாற்றங்கள் நடந்தனவே, பழியைப் பாறுகளின் அழிவு மீது மட்டும் போடலாமா என்று கேட்பது நியாயம்தான். ஒவ்வொரு மரணத்துக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல இத்தகைய ஆய்வால் முடியாது. ஆனால் 1994இல் டைக்ளோஃபினாக்கின் விலை விழுந்து அது கால்நடைகளுக்குப் பரவலாகும்வரை இருவகை மாவட்டங்களின் இறப்புப் போக்கும் ஒன்றாகவே சென்றது. பிரிந்தது அதற்குப் பிறகே. கால்நடை மிகுந்த நகர்ப்புறங்களில் பாதிப்பு அதிகம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விற்பனையும் ஏறியது. இத்தனையும் தற்செயலாக ஒரே திசையைக் காட்டும் என்று நம்புவது கடினம்.

வலியில் துடிக்கும் மாட்டுக்கு மருந்தே கூடாதா என்பது அடுத்த கேள்வி. அப்படி யாரும் சொல்லவில்லை. மெலாக்சிகாம் வலியைத் தணிக்கும், பாறுகளைக் கொல்லாது. குறை நம் சட்டத்தின் வேகத்தில் இருக்கிறது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006இல் தடையானது. கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023 வரை காத்திருந்தோம். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலில் டைக்ளோஃபினாக்காகவே மாறும் என்று தெரிந்த பிறகும் கூட. ஒவ்வொரு மருந்தும் கடைக்கு வந்து, பறவைகள் செத்து, ஆய்வுகள் வெளியாகி, அதன் பிறகே தடை. கால்நடைக்கான வலிநிவாரணி எதுவானாலும், பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகே விற்பனைக்கு அனுமதி என்பதைச் சட்டமாக்க வேண்டும். சோதனைச் செலவை உற்பத்தியாளரே ஏற்கட்டும். நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் பாறுகளுக்கு, இன்னொரு மருந்தின் ஆபத்து தெரியவரும்வரை காத்திருக்கும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை.